பெயர்ப்பலகை பலமுறை மாறியது, அலைவரிசை ஒன்றுதான்

சிங்கப்பூரில் ஒரு பழைய வானொலிப் பெட்டியின் குமிழை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருகிப் பாருங்கள். 88.3ல் மாண்டரினும் கொஞ்சம் ஆங்கிலமும். 88.9ல் பிபிசி உலகச் சேவை. 89.3ல் ஆங்கிலத்தில் பணம், பங்குச் சந்தை பற்றிய பேச்சு. 89.7ல் மலாய்ப் பாட்டு. அப்புறம் வரிசையாக நான்கு ஆங்கில நிலையங்கள். 93.3ல் மாண்டரின், 93.8ல் ஆங்கிலச் செய்தி, 94.2ல் மலாய், 95ல் ஆங்கிலம், 95.8ல் மாண்டரின், 96.3லும் மாண்டரின். அதை ஒட்டி 96.8ல் தமிழ் கேட்கும். ஒரு நூல் அதிகமாகத் திருகிவிட்டால் 97.2, மறுபடியும் மாண்டரின்.

ஈசூனில் இருக்கும் என் சித்தி தன் சமையலறை வானொலியின் குமிழ் மேல் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருக்கிறார். துடைக்கும்போது கை பட்டு நகர்ந்தால் திரும்பப் பிடிப்பது அவருக்குச் சிரமம். அந்த வீட்டில் அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு நிலையம்தான் உண்டு. நாட்டுக்கும் அப்படித்தான். சிங்கப்பூரின் பண்பலை வரிசையில் தமிழுக்கென்று இருப்பது ஒலி 96.8 ஒன்று மட்டும்.

அந்த நிலையத்தை ஒருவர் எந்தப் பெயரில் அழைக்கிறார் என்பதை வைத்து அவருடைய வயதை ஏறக்குறைய சொல்லிவிடலாம். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு அது கடைசிவரை 'ரேடியோ சிங்கப்பூர்'தான். சித்தி பேச்சுவாக்கில் 'ரேடியோ நாலு' என்பார். எங்கள் வயதினருக்கு 'ஒலி'. இந்தப் பெயர் மாற்றங்களுக்குப் பின்னால் நிறுவன மாற்றங்களின் நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நேயருக்கு அதைவிட முக்கியமான இன்னொரு மாற்றத்துக்கு வருகிறேன். நிலையத்தின் உரிமை யார் கையில் என்பதோடு, அது எந்த வடிவத்தில் ஒலிக்கிறது என்பதும் நம் வீட்டுக்குள் என்ன வருகிறது என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

யாருடைய நிலையம்?

சிங்கப்பூர் வானொலி தனியார் முயற்சியாகத்தான் தொடங்கியது. 1920களில் வானொலி ஆர்வலர்கள் சங்கம் அமைத்துப் பொழுதுபோக்காக ஒலிபரப்பினார்கள். 1930களின் நடுவில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் என்ற தனியார் நிறுவனம் உரிமம் பெற்றது. கால்டிகாட் குன்றில் கட்டிய அதன் நிலையத்தை 1937 மார்ச் 1 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்து வைத்தார். ஐரோப்பாவில் போர் மூண்டதும் காலனி அரசாங்கத்துக்கு வானொலியின் அருமை புரிந்தது. 1940ல் அந்த நிறுவனத்தை அரசே வாங்கிக்கொண்டது.

இந்த 1940ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இந்த நிலையத்தின் பெயரும் சட்ட வடிவமும் பலமுறை மாறியிருக்கின்றன. ஆனால் ஏதோ ஒரு வகையில் ஆட்சியில் இருந்தவர்களின் கையை விட்டு அது ஒருபோதும் போகவில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. வானொலி ஜப்பானியர் கைக்குப் போனது. வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது குற்றமானது, வீடுகளில் இருந்த பெட்டிகளில் சிற்றலை வராதபடி செய்யப்பட்டது. ஜப்பானியப் பிரசாரப் பிரிவு கேத்தே கட்டடத்தில் இயங்கியது. அதே கட்டடத்தின் அரங்கில்தான் 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அந்த ஆண்டுகளில் அவர் குரல் வானொலி வழியாகவும் இந்தியர்களைப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்த தமிழர்கள் பலர் இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்த காலம் அது. வானொலி என்பது பாட்டுப் பெட்டி மட்டும் என்ற எண்ணம் எனக்கு முதலில் உடைந்தது, தாத்தா காலத்து ஆட்கள் இதைப் பற்றிப் பேசியதைக் கேட்டபோதுதான்.

போருக்குப் பிறகு, 1946ல், சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சேர்த்து ரேடியோ மலாயா உருவானது. கொஞ்ச காலம் இரண்டு ஊர்த் தமிழர்களும் ஒரே சேவையின் நேயர்கள். 1959 ஜனவரியில் அது இரண்டானது. கோலாலம்பூரில் தங்கிவிட்ட தமிழ்ப் பிரிவின் வாரிசுதான் இன்றைய மின்னல் எஃப்எம். இங்கே பிரிந்து வந்தது ரேடியோ சிங்கப்பூரா. 1963 பிப்ரவரியில் தொலைக்காட்சி வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்தது. ஆகவே வானொலியும் மலேசிய ஒலிபரப்பின் குடைக்குள் போனது. 1965 ஆகஸ்ட் 9க்குப் பிறகு சிங்கப்பூர் வானொலி, தொலைக்காட்சி என்ற அரசுத் துறையானது.

1980 பிப்ரவரியில் அந்தத் துறை, சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் என்ற சட்டபூர்வக் கழகமாக மாற்றப்பட்டது. 1994 அக்டோபரில் கழகத்தையும் பிரித்து நிறுவனங்களாக்கினார்கள். தொலைக்காட்சிக்குத் தனி நிறுவனங்கள், வானொலிக்கு ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் சிங்கப்பூர். 1999ல் குழுமத்துக்கு மீடியா கார்ப்பரேஷன் என்று பெயர் மாறி, பிறகு அது மீடியாகார்ப் என்று சுருங்கியது. அதன் உரிமையாளர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்.

துறை, கழகம், நிறுவனம். இந்த மூன்று சொற்களுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. துறையாக இருந்தபோது அறிவிப்பாளர் ஓர் அரசாங்க ஊழியர். அவருடைய நிகழ்ச்சிக்கு ஆகும் செலவு அரசுக் கணக்கில் வரும், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அவரைப் பெரிதாகப் பாதிக்காது. கழகமானபோது நிர்வாகத்துக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. ஆள் எடுப்பது, விளம்பரம் பிடிப்பது, சம்பளம் தீர்மானிப்பது போன்றவற்றில் துறையின் இறுக்கம் தளர்ந்தது. நிறுவனம் ஆனதும் வரவு செலவுக் கணக்கு கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தது. நேயர் எண்ணிக்கை, விளம்பரதாரர், போட்டி நிலையம் என்ற சொற்கள் நிகழ்ச்சித் தயாரிப்பு அறைக்குள் புழங்கத் தொடங்கின. அதே சமயம் பொதுச் சேவை நிகழ்ச்சிகளுக்கு அரசு நிதி தொடர்ந்தது. தமிழ் நிலையம் நிற்பது இந்த இரண்டாவது காலில்தான்.

நேயர்களும் நேரடியாகப் பணம் கட்டிய காலம் ஒன்று உண்டு. 2010 வரை வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஆண்டுக்கு 110 வெள்ளி உரிமக் கட்டணம். காரில் வானொலி இருந்தால் அதற்கு 27 வெள்ளி. 2011 வரவு செலவுத் திட்டத்தில் இரண்டையும் ரத்து செய்தார்கள். மாமா ஒருவர் தன் காரில் தமிழ் நிலையம் மட்டுமே கேட்பார். "இருபத்தேழு வெள்ளியும் ஒலிக்குத்தான்பா போகுது" என்று உறுதியாக நம்பினார். அந்தக் கணக்கு சரியில்லை என்றாலும், அவர் அதைச் சொன்ன விதத்தில் ஓர் உரிமை இருந்தது. இது நம்ம நிலையம், நாம காசு கொடுக்கிறோம் என்ற உரிமை.

இதே காலத்தில் அரசு சாராத ஒரு வானொலியும் இருந்தது. 1949ல் வந்த ரெடிஃப்யூஷன். கம்பி வழியாக வீடுகளுக்கும் காப்பிக் கடைகளுக்கும் மாதச் சந்தாவுக்கு வந்த ஒலிபரப்பு அது. சீன வட்டார மொழிகளில் கதை சொல்பவர்கள் அதில் பெரும் புகழ் பெற்றார்கள். 1979ல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு வட்டார மொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக மறைந்தன. ரெடிஃப்யூஷன் 2012ல் மூடப்பட்டது. தன் முக்கிய நேயர்களின் மொழியை இழந்த நிலையத்துக்கு என்ன நேரும் என்பதற்கு அது ஒரு பாடம். தமிழ் வானொலிக்கு அந்தக் கதி வராததற்குக் காரணம், தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பது. அந்தச் சட்ட நிலைதான் கூரை. வெறும் வியாபாரக் கணக்கில் மட்டும் தமிழ் நிலையம் இவ்வளவு ஆண்டு தாக்குப்பிடித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கட்ட வானொலியிலிருந்து பாட்டு வானொலிக்கு

இப்போது வடிவத்துக்கு வருகிறேன்.

பழைய வானொலி கட்டம் கட்டமாக ஓடியது. இந்த மணிக்குச் செய்தி, அடுத்து கர்நாடக இசை, பிறகு பெண்கள் நிகழ்ச்சி, பள்ளி ஒலிபரப்பு, நேயர் விருப்பம், இரவில் நாடகம். நேயர்தான் நேரம் பார்த்து வானொலி முன்னால் வந்து உட்காருவார். நாடகம் வரும் நேரத்தில் சமையலை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள் என்று சித்தி சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிடுவார்களாம். எல்லார் வீட்டிலும் பெட்டி இருந்ததில்லை.

இந்த வடிவத்தின் உச்சம் என்று நான் நினைப்பது வானொலி நாடகத்தைத்தான். புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன் சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றியவர், 2008ல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். 1969ல் தொடங்கி ஒலியேறிய அவருடைய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' நகைச்சுவைத் தொடர் அடுக்குமாடி வீட்டு வாழ்க்கையைக் கதைக்களமாக எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுகளை யோசித்துப் பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. கம்பம் என்ற கிராமக் குடியிருப்பில் இருந்த வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, குவீன்ஸ்டவுனிலும் தோ பாயோவிலும் மின்தூக்கி ஏறி வீட்டுக்குப் போகக் கற்றுக்கொண்டிருந்தார்கள் மக்கள். அந்தப் புது வாழ்க்கையைத் தமிழில் பேசிக் காட்டியது வானொலி. தமிழ்நாட்டிலிருந்து வந்த எந்தத் திரைப்படத்திலும் அது கிடைத்திருக்காது. உள்ளூர் எழுத்தாளர், உள்ளூர் நடிகர்கள், உள்ளூர்ச் சிக்கல்கள். கட்டம் கட்டமாக ஓடிய வானொலியில் அதற்கு ஓர் இடம் ஒதுக்க முடிந்தது.

சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகத்தின் காலத்தில் ஏற்பாடு எளிமையாக இருந்தது. ரேடியோ ஒன்று ஆங்கிலம், இரண்டு மலாய், மூன்று சீனம், நான்கு தமிழ், ஐந்து செவ்வியல் இசை. மொழிக்கு ஒன்று என்ற சமமான பங்கீடு. 1980களின் கடைசியில் இந்தச் சமன் உடைந்தது.

1989ல் பெர்ஃபெக்ட் டென் 98.7 இளையர்களுக்கான ஆங்கில நிலையமாக வந்தது. 1990ல் மாண்டரினில் 93.3, ஆங்கிலத்தில் கிளாஸ் 95, மலாயில் ரியா 89.7 என்று அடுத்தடுத்து வந்தன. 1991ல் தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசி தன் வானொலியைத் தொடங்கியது. ஒலிபரப்புக் கழகத்துக்கு வெளியே வந்த முதல் பண்பலை நிலையம் அது. 1994, 1995ல் தேசிய சேவையாளர்களின் அமைப்பான சாஃப்ரா இரண்டு நிலையங்களோடு வந்தது. இவை எல்லாமே புது வடிவ நிலையங்கள்.

வடிவ வானொலி என்றால் என்ன? ஒரு நிலையம், ஒரு வகை நேயர், நாள் முழுக்க ஒரே சுவை. எந்த நேரத்தில் திறந்தாலும் அந்த நிலையம்தான் என்று இரண்டு நொடியில் தெரிந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்தைக் கடிகார முகம்போல வட்டமாக வரைந்து, மணி அடித்ததும் செய்தி, பிறகு இத்தனை பாட்டு, இந்த நிமிடத்தில் விளம்பரம், இங்கே ஒரு நிமிடப் பேச்சு, இங்கே போக்குவரத்து என்று பிரித்துவிடுவார்கள். எந்தப் பாட்டு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வரலாம் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். நேயர் நேரம் பார்த்து வரமாட்டார், காரில் ஏறும்போது போட்டு, இறங்கும்போது அணைப்பார் என்ற எண்ணத்தில் அமைந்த ஏற்பாடு இது. காலை வேலைக்குப் போகும் நேரமும் மாலை திரும்பும் நேரமும்தான் இதில் பொன்னான மணிகள். விளம்பரக் கட்டணமும் அப்போதுதான் அதிகம்.

சரி, இந்த அலை தமிழ் வானொலியை எப்படித் தொட்டது? ரேடியோ ஒன்றும் இரண்டும் மூன்றும் கிளைவிட்டன. மலாய்ச் சேவை வார்னா, ரியா என்று இரண்டாகி, பெரியவர்களுக்கு ஒன்று, இளையருக்கு ஒன்று என்றானது. மாண்டரினுக்கு 93.3ல் புதுப்பாட்டு, 97.2ல் நடுவயதினருக்கான இனிய பாட்டு, 95.8ல் மூத்தோருக்கான தகவல் என்று மூன்று. ரேடியோ நான்கு மட்டும் கிளைவிடவில்லை. அதற்குப் பெயர்தான் மாறியது. ரேடியோ நான்கு ஒலி 96.8 ஆனது.

என் பார்வையில் சிங்கப்பூர்த் தமிழ் வானொலியின் முப்பது ஆண்டு வரலாற்றையும் விளக்கும் ஒரே உண்மை இதுதான். ஒலி ஒரு வடிவ நிலையத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டது. கலகலப்பான பேச்சு, போட்டிகள், நிலையப் பாடல், அழைத்துப் பேசும் நேயர்கள் எல்லாம் வந்தன. ஆனால் அது ஒரே ஒரு வகை நேயருக்கு மட்டும் ஒலிக்க முடியாது. பள்ளிப் பிள்ளை, அலுவலகம் போகும் பெண், ஓய்வுபெற்ற பெரியவர், தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த தம்பி, அத்தனை பேருக்கும் வேறு கதவு கிடையாது. ஆகவே நாளை நேரம் நேரமாகப் பிரித்துக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஒரு நேரத்தில் புதுப்பாட்டு, இன்னொரு நேரத்தில் எம்ஜிஆர், சிவாஜி காலத்துப் பாட்டு, இடையில் செய்தி, பிறகு பேச்சு. பழைய கட்ட வானொலி வெளியே போகவேயில்லை, உடை மாற்றிக்கொண்டு உள்ளேயே இருக்கிறது.

இதனால்தான் ஒலியைப் பற்றிய குறைகள் எப்போதும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. "எந்நேரமும் சினிமாப் பாட்டு" என்பார் பெரியவர். "பழைய பாட்டாவே போடுறாங்க" என்பாள் என் அக்கா மகள். இருவர் சொல்வதும் அவரவர் வானொலியைத் திறக்கும் நேரத்தில் உண்மைதான். படைப்பாளர்களைக் குறை சொல்வதற்கு முன் இதை நாம் யோசிக்க வேண்டும். மாண்டரினில் மூன்று நான்கு நிலையங்கள் பகிர்ந்து செய்யும் வேலையை இவர்கள் ஓர் அலைவரிசையில் செய்கிறார்கள்.

இரண்டாவது தமிழ் நிலையம் ஏன் வரவில்லை

வாய்ப்பு வந்த காலங்கள் இருந்தன. 2000ல் அரசு ஊடகச் சந்தையைத் திறந்துவிட்டது. செய்தித்தாள் குழுமமான எஸ்பிஎச் தொலைக்காட்சிக்குள் நுழைந்தது, மீடியாகார்ப் ஒரு செய்தித்தாள் தொடங்கியது. அந்தப் போட்டி சில ஆண்டுகளில் இருவருக்கும் நட்டமாகி, தொலைக்காட்சியில் மறுபடி ஒரே நிறுவனம் என்ற நிலைக்கு வந்தது. ஆனால் வானொலியில் எஸ்பிஎச் தங்கிவிட்டது. என்டியுசியோடு சேர்ந்து நடத்திய நிலையங்களில் தொடங்கி, 2012ல் கிஸ் 92, 2018 ஜனவரியில் ஒரே நேரத்தில் இரண்டு புது நிலையங்கள். அந்த இரண்டில் ஒன்று, சித்தியின் குமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் 96.3. அது ஐம்பது வயதைத் தாண்டிய மாண்டரின் நேயர்களுக்காகவே தொடங்கப்பட்டது. அவர்களுக்கென்று ஏற்கெனவே 95.8 இருந்தும், இரண்டாவதாக ஒன்று.

இதில் என்னை நெடுநாளாக உறுத்தும் ஒன்று உண்டு. கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசு 1995 முதல் எஸ்பிஎச் குழுமத்தில் இருக்கிறது. 2021ல் அந்தக் குழுமத்தின் ஊடகப் பிரிவு லாப நோக்கமற்ற எஸ்பிஎச் மீடியா அறக்கட்டளையானது. அரசு அதற்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை ஆதரவு தரும் என்று 2022ல் அறிவிக்கப்பட்டது. நாட்டின் ஒரே தமிழ் நாளிதழ் அவர்களிடம். ஐந்து வானொலி நிலையங்களும் அவர்களிடம். அந்த ஐந்தில் ஒன்றுகூடத் தமிழ் பேசவில்லை. தமிழ்ச் செய்தியாளர்கள் ஒரு கட்டடத்தில், தமிழ் ஒலிபரப்பாளர்கள் வேறொரு நிறுவனத்தில்.

காரணம் புரியாததல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் 9 விழுக்காடு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு, பத்து ஆண்டுக்கு முன் இது 3.3. விளம்பரம் கொடுக்கும் நகைக்கடை, புடவைக்கடை, உணவகம், பணம் அனுப்பும் நிறுவனம் எல்லாம் பெரும்பாலும் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவைச் சுற்றியே அடங்கிவிடும். ஒரே விளம்பரதாரரை இரண்டு தமிழ் நிலையங்கள் துரத்தினால் இரண்டுமே இளைத்துப்போகும் என்று எந்தக் கணக்காளரும் சொல்வார். அலைவரிசையும் எளிதில் கிடைக்காது. சிறு தீவு. வடக்கே ஜோகூர், தெற்கே பாத்தாம். மூன்று நாட்டு நிலையங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பண்பலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். உட்லண்ட்ஸ் பக்கம் போனால் மலேசியத் தமிழ் நிலையங்களே தெளிவாகக் கேட்கின்றன. எல்லைப் பக்கம் குடியிருக்கும் பலருக்கு அதுதான் இரண்டாவது தமிழ் நிலையம். பாட்டுக்கு அது போதும். ஆனால் தீவு விரைவுச்சாலை நெரிசலையும் மத்திய சேமநிதி மாற்றத்தையும் அது சொல்லாது.

அந்தக் கடைசி விஷயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பெருவிரைவு ரயில், அடித்தளப் பிரிவுகள், வட்டாரத் தூதர், மறுவிற்பனை வீடு போன்ற சொற்கள் இங்கே தமிழில் புழங்குவதற்கு நாளிதழும் வானொலிச் செய்தியும் பெரிய காரணம். ஒரு புதுத் திட்டத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்த அன்று மாலையே யாரோ ஒருவர் அதைத் தமிழில் வாசித்தாக வேண்டும். படிக்கும்போது கடினமான சொல்லைத் தாண்டிப் போய்விடலாம், வாசிப்பவர் நாக்கு இடறினால் எல்லாருக்கும் கேட்கும். வானொலியில் சொல்லிச் சொல்லிப் பழகிய பிறகுதான் அந்தச் சொல் வீட்டுக்குள் வருகிறது. 2020 ஏப்ரலில் நாடு முடங்கியபோது, தங்கும் விடுதிகளில் வேலையாட்கள் அடைந்து கிடந்தபோது, விதிமுறை நாளுக்கு நாள் மாறியபோது, ஆங்கிலம் வராத பெரியவர்களுக்குச் செய்தி அறிக்கைதான் துணை. சித்தி அப்போது கேட்டதெல்லாம் பாட்டுக்காக இல்லை.

கால்டிகாட்டிலிருந்து இறங்கிய பிறகு

2015 டிசம்பரில் ஒன்-நார்த்தில் மீடியாகார்ப்பின் புது வளாகம் திறந்தது. ஓரிரு ஆண்டுகளில் கால்டிகாட் குன்றை முழுவதுமாகக் காலி செய்தார்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டு ஒலிபரப்பு நடந்த இடம். இடம் மாறியதோடு வேலை செய்யும் முறையும் மாறியது. 2008 அக்டோபரில் தனி ஒளிவழியான வசந்தம் தொலைக்காட்சி, ஒலி வானொலி, செய்தி இணையத்தளம் மூன்றும் ஒரே கூரையின்கீழ். காலையில் வானொலியில் கேட்ட குரலை மாலையில் திரையில் பார்க்கிறோம், நடுவில் சமூக ஊடகத்தில் அதே ஆளின் காணொளி. சிறு சமூகத்தில் ஆளும் பணமும் குறைவு, ஆகவே இது புத்திசாலித்தனம்தான். ஆனால் வானொலிக்கென்றே எழுதவும் நடிக்கவும் தெரிந்தவர்கள் உருவாக இதில் நேரம் கிடைக்கிறதா என்பதில் எனக்குக் கவலை உண்டு.

இலக்கமுறை வானொலியை இந்நாடு ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறது. 1999ல் தொடங்கிய சேவை, அதற்கான தனிப் பெட்டியை வாங்க ஆளில்லாமல் 2011ல் நின்றது. இப்போது தனிப் பெட்டி தேவையில்லை. மீடியாகார்ப்பின் வானொலிச் செயலியான மீலிசன் கைப்பேசியில் இருக்கிறது, விடுதியில் மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு காதில் மாட்டிக் கேட்கும் தம்பிக்கு அதுதான் வானொலி.

என் வாதம் இங்கேதான் வந்து நிற்கிறது. இரண்டாவது தமிழ் நிலையத்துக்குத் தடையாக நாம் நெடுங்காலம் சொன்ன காரணங்களில் ஒன்றான அலைவரிசைத் தட்டுப்பாடு, செயலியில் இல்லை. எண் வாங்க வேண்டாம், ஜோகூரோடு பேச வேண்டாம், கோபுரம் நட வேண்டாம். ஒலியின் பக்கத்திலேயே மூத்தோருக்கென்று ஒரு தமிழ் ஓடையை இணையத்தில் விடலாம். பழைய பாட்டு, கர்நாடக இசை, நீண்ட உரையாடல், உள்ளூர்ச் சிறுகதை வாசிப்பு. அப்படிச் செய்தால் 96.8ம் மூச்சுவிடும். இளையருக்கு எந்த நேரத்தை ஒதுக்குவது என்ற இழுபறி குறையும். செலவு இருக்கிறது. பாட்டு உரிமைக் கட்டணம், ஆள் சம்பளம். ஆனால் பொதுச் சேவைக்கு அரசு பணம் தருவதே விளம்பரதாரர் தராத இடத்தை நிரப்பத்தானே. மீடியாகார்ப்பின் பதினொரு நிலையங்களில் ஒன்று தமிழ். பன்னிரண்டாவதாக ஒன்று காற்றில் வர வேண்டாம், செயலியில் வந்தால் போதும்.

சித்தி மாதிரி ஆட்கள் செயலிக்கு வருவார்களா என்று கேட்கலாம். ஒட்டுநாடா ஒட்டிய பெட்டியை அவர் விடமாட்டார், உண்மைதான். ஆனால் அவருடைய கைப்பேசியில் பேத்தி எதையாவது போட்டுக் கொடுத்தால் கேட்கிறார். போன மாதம் யூடியூபில் ஒரு பழைய இலங்கை வானொலி நிகழ்ச்சியின் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம ஊரு நாடகம் இந்த மாதிரி இருக்குமா?" என்று என்னைக் கேட்டார். பழைய ஒலிப்பதிவுகளில் ஒரு பகுதி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, ஆய்வாளர்கள் போய்க் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அவர் அங்கெல்லாம் போகப் போவதில்லை. அந்தப் பதிவுகளை அவர் சமையலறைக்குக் கொண்டுவருவதுதான் நான் சொல்லும் அந்த இரண்டாவது ஓடையின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.